முழுவதும் படித்துவிட்டு நிராகரியுங்கள்: இளையோர் நாவல் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். போன வாரம் உங்கள் கடிதம் கிடைத்தது. என் மாணவி அனுப்பிய நாவலும் கூடவே திரும்பி வந்தது. போட்டி எப்படி நடந்தது, நடுவர்கள் எப்படி அமர்ந்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை. பரிசு கிடைக்காததற்காகவும் இதை எழுதவில்லை. பரிசு கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் உரிமை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த நாவலை முழுவதும் படியுங்கள். படித்துவிட்டு நிராகரியுங்கள்.

படிக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்தின் முதல் வரியே சொல்கிறது. 'அசுரப் பாம்பின் மேல் சவாரி செய்யும் சிறுவனைப் பற்றிய இக்கதை நம் பண்பாட்டுக்குப் பொருந்தாத மிகைக் கற்பனை' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அசுரப் பாம்பு என்று சொல்வது ஒரு டிராகன். இந்த நாவலில் அதன் மேல் ஏறுவது சிறுவன் இல்லை, சிறுமி. முதல் அத்தியாயத்தில் வருவது அவளுடைய தம்பி. மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்தில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் புற்றில் அவன் முட்டையைக் கண்டெடுக்கிறான். அது தனக்குத்தான் என்று லயம் முழுக்க, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் முழுக்க, சொல்லித் திரிகிறான். இரண்டாம் அத்தியாயத்தில் முட்டை உடைகிறது. வெளியே வந்த குட்டி அவனைத் தாண்டிப் போகிறது. புற்றுக்கு ஊற்றப் பால் கொண்டுவந்த அக்காள் பின்னால் நிற்கிறாள். அவள் காலடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. பாட்டி ரப்பர் மரம் சீவிய காலத்தில் மரத்துப் பால் பிடித்த மங்கு என்ற கிண்ணம் ஒன்றில் அவள் பாலை ஊற்றி வைக்க, அது நக்கிக் குடிக்கிறது. கதை அங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் அதற்கு முன்பே மூடி வைத்துவிட்டீர்கள்.

டிராகன்களையும் அவற்றின் மேல் ஏறிப் பறப்பவர்களையும் பற்றிய இளையோர் நாவல்களில் இந்த இடம்தான் உயிர்நாடி. மனிதன் டிராகனைப் பிடித்து அடக்குவதில்லை. டிராகன்தான் மனிதனைத் தேர்ந்தெடுக்கிறது. பெரும்பாலும் யாரும் எதிர்பார்க்காத ஒருவரை. அதன் பிறகு இரண்டு மனங்களும் பேசாமலே பேசிக்கொள்கின்றன. ஒருவருக்கு வலித்தால் மற்றவருக்கும் வலிக்கிறது. 14, 15 வயதுப் பிள்ளைகள் இந்தக் கதைகளை ஏன் விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. வகுப்பில் அவர்கள் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது. வீட்டிலும் பள்ளியிலும் யாரும் தன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று நினைக்கும் வயது அது.

நான் பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் தருகிறது. சட்டம் இருக்கிறது, பிள்ளைகள்தான் குறைகிறார்கள். எங்கள் வகுப்பு பள்ளி முடிந்து மதியம் இரண்டரைக்கு. பசி, வெயில், பேருந்து போய்விடும் என்ற கவலை. போன ஆண்டுத் தொடக்கத்தில் 16 பேர் இருந்தார்கள். இரண்டு பேர் நின்றுவிட்டால் வகுப்பு என்ன ஆகும் என்று ஒவ்வொரு வாரமும் எண்ணிக்கொண்டே நடத்தினேன்.

அப்போதுதான் இந்தப் பெண் எழுத ஆரம்பித்தாள். படிவம் மூன்று, அதாவது இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. ஆங்கிலத்தில் டிராகன் நாவல்கள் ஒன்றுவிடாமல் படிப்பவள். ஒருநாள் இலக்கணப் பயிற்சி முடிந்ததும், "டீச்சர், ஒரு பக்கம் படிக்கட்டுமா?" என்று கேட்டாள். படித்தாள். அடுத்த வாரம் மற்றவர்கள் கேட்டார்கள், அப்புறம் என்ன ஆச்சு என்று. ஒவ்வொரு செவ்வாயும் கடைசிப் பதினைந்து நிமிடம் அவளுக்கு என்று ஆயிற்று. அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகவே பேருந்தை விட்டுவிட்டு உட்கார்ந்த பையன்கள் இருக்கிறார்கள். தமிழை விட்டிருந்த ஐந்து பேர் திரும்ப வந்து சேர்ந்தார்கள். ஆண்டு முடிவில் 21 பேர். பதினெட்டு ஆண்டு ஆசிரியப் பணியில் என் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் கூடியது அந்த ஒரு முறைதான்.

அவள் பட்ட பாட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். டிராகன் மேல் ஏறுபவரைத் தமிழில் என்னவென்று அழைப்பது? இந்த ஒரு சொல்லுக்கு ஆறு வாரம் ஆயிற்று. 'சவாரி செய்பவர்' என்று எழுதிப் பார்த்தாள். "பத்து ஃபெரிங்கி கடற்கரையில் காசு கொடுத்துக் குதிரை ஏறுற மாதிரி இருக்கு டீச்சர்" என்று அடித்துவிட்டாள். 'ஓட்டுநர்' வேண்டாம் என்றாள். அவளுடைய அப்பா தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார், அந்தச் சொல் அவருடையது. நான் 'பாகன்' என்றேன். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு மறுவாரம் வந்து சொன்னாள்: "பாகன் கையில் அங்குசம் இருக்கும். என் கதையில் யாரும் யாரையும் குத்த மாட்டாங்க." எனக்குப் பேச்சு வரவில்லை.

பிறகு புறநானூற்றில் 27ஆம் பாட்டைக் காட்டினேன். 'வலவன் ஏவா வான ஊர்தி' என்று வருகிறதே, அந்தப் பாட்டு. வலவன் என்றால் தேரைச் செலுத்துபவன். செலுத்துபவன் இல்லாமலே வானில் போகும் ஊர்தியைப் பற்றி அந்தப் புலவர் பாடியிருக்கிறார். அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வலவனுக்குப் பெண்பால் என்ன என்று கேட்டாள். அகராதிகளைப் புரட்டினோம், எங்களுக்குக் கிடைக்கவில்லை. 'வலவி' என்று அவளே வைத்துக்கொண்டாள். வகுப்பில் கை தூக்கி ஓட்டெடுத்தோம். வலவி வென்றது. டிராகனின் நகத்துக்கு 'உகிர்' என்ற சங்கச் சொல்லையும், சேணத்தில் கால் வைக்கும் வளையத்துக்கு 'அங்கவடி' என்ற சொல்லையும் அந்த 21 பேரும் இன்று அறிவார்கள். தேர்வுக்காகப் படித்தது இல்லை, கதைக்குத் தேவைப்பட்டுக் கற்றது. டிராகனுக்கே ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று தமிழ் விவிலியத்தில் வரும் 'வலுசர்ப்பம்' என்பதையும் பார்த்தாள். அங்கே அது சாத்தானைக் குறிக்கிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டாள். தன் டிராகன் கெட்டது இல்லை, அதை யாரும் அசுரன் என்று நினைத்துவிடக் கூடாது என்றாள். டிராகன் என்றே எழுதி, அதற்குக் கொண்டல் என்று பெயர் வைத்தாள்.

அந்தக் கொண்டலைத்தான் நீங்கள் அசுரப் பாம்பு என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

பண்பாட்டுக்குப் பொருந்தாது என்கிறீர்கள். புற்றுக்குப் பால் ஊற்றுவது யாருடைய பண்பாடு? தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் பிள்ளை மயில் மேல் அமர்ந்த முருகனைப் பார்த்து வளர்கிறாள். நம் கோயில்களில் வாகனம் இல்லாத சாமி உண்டா? விஜயநகர, நாயக்கர் காலத் தூண்களில் யாளி மேல் வீரன் அமர்ந்திருக்கிறான். சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்ட அந்த விலங்கை எந்தச் சிற்பி நேரில் பார்த்தான்? இந்தத் தீவிலோ திரும்பிய பக்கமெல்லாம் டிராகன். ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி கோயில் கூரையில் இருக்கிறது, சீனப் புத்தாண்டுக்கு அண்டை வீட்டு வாசலில் தொங்குகிறது. நம் பிள்ளைகள் அதோடுதான் வளர்கிறார்கள். தமிழ்ப் புற்றுக்குள் சீனத்து முட்டை ஒன்று இருந்தால் அதுதான் பினாங்கு. வேறு எந்த ஊர்ப் பிள்ளையும் இந்தக் கதையை எழுதியிருக்க முடியாது.

வெளியூர் உதாரணமும் ஒன்று சொல்கிறேன். 2023இல் மோனிகுவில் பிளாக்கூஸ் என்ற அமெரிக்கப் பூர்வகுடி எழுத்தாளர் ஒரு டிராகன் நாவல் வெளியிட்டார். பூர்வகுடிப் பெண் ஒருத்தியைக் குட்டி டிராகன் தேர்ந்தெடுக்கிறது. ஆள வந்தவர்கள் தங்கள் பள்ளியில் தங்கள் முறைப்படி நீ கற்காவிட்டால் அதைக் கொன்றுவிடுவோம் என்கிறார்கள். இளையோர் நூலுக்கான ஆண்ட்ரே நார்ட்டன் விருது, லோட்ஸ்டார் விருது இரண்டையும் அந்த நாவல் பெற்றது. அந்த மக்கள் தங்கள் நிலமும் மொழியும் பறிபோன கதையைச் சொல்ல டிராகனை எடுத்துக்கொண்டார்கள். என் மாணவியும் அதைத்தான் செய்திருக்கிறாள். அவள் நாவலில் தோட்டம் விற்கப்படுகிறது, லயத்து வீடுகளை இடிக்க இயந்திரம் வருகிறது, பாட்டி எங்கே போவது என்று தெரியாமல் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். இதெல்லாம் ஏழாம் அத்தியாயம். 'வாழ்க்கைக்குப் பயனுள்ள கருப்பொருள்' வேண்டும் என்று கேட்டவர்கள் ஏழாம் அத்தியாயத்தைப் படித்திருக்க வேண்டாமா?

வயதைக் காரணம் சொல்வீர்களோ என்றும் நினைத்தேன். டிராகன் மேல் பறக்கும் சிறுவனைப் பற்றிய எரகன் என்ற ஆங்கில நாவலை எழுதத் தொடங்கியபோது கிறிஸ்டோபர் பவோலினிக்கு 15 வயது. முதலில் அவருடைய குடும்பமே அதை அச்சிட்டது. 2003இல் பெரிய பதிப்பகம் ஒன்று எடுத்து வெளியிட, உலகம் முழுக்கப் பிள்ளைகள் படித்தார்கள். அந்தச் சிறுவனை வீட்டில் இருந்தவர்கள் கடைசிப் பக்கம் வரை படித்தார்கள். என் மாணவி வீட்டில் ஆங்கிலமும் மலாயும் படிப்பவர்கள் உண்டு, தமிழ் நாவல் படிப்பவர் யாரும் இல்லை. அதனால்தான் உங்களிடம் அனுப்பினோம்.

ஒன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். 1816இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதை வைத்துத்தான் 2016இல் இருநூறு ஆண்டுத் தமிழ்க் கல்வியைக் கொண்டாடினோம். 2020ஆம் ஆண்டுக்கு யுனெஸ்கோ கோலாலம்பூரை உலகப் புத்தகத் தலைநகராக அறிவித்தது. நல்லது. ஆனால் 14 வயதுத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி கடைக்குப் போனால் அவளுக்கு என்ன இருக்கிறது? ஒரு பக்கம் காக்கையும் நரியும். மறுபக்கம் பெரியவர்களுக்கான சரித்திர நாவல்களும் சமையல் புத்தகங்களும். நடுவில் ஒன்றும் இல்லை. தமிழ் வாசிப்புக் குறிப்பேட்டில் எழுத அவர்கள் தம்பி தங்கையின் நீதிக்கதைப் புத்தகத்தை வாங்கி வருகிறார்கள். ஒவ்வொரு மேடையிலும் இளைஞர்கள் தமிழ் படிப்பதில்லை என்று பேசுகிறோம். அவர்கள் படிக்க விரும்புவதை அவர்களே தமிழில் எழுதிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புகிறோம். எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தை அடக்கித்தான் எழுதுகிறேன்.

மன்னிக்க வேண்டும். போட்டியை விட்டு விலகிப் போய்விட்டேன்.

கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை அவள் வகுப்பில் படிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. போன செவ்வாய் அவள் குறிப்பேட்டைப் பார்த்தேன். இரண்டாம் பாகத்தைத் தொடங்கியிருக்கிறாள், ஆங்கிலத்தில். வலவி இருந்த இடத்தில் ரைடர் என்று இருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை, அவள் விருப்பம். ஆனால் ஆறு வாரம் தேடி எடுத்த சொல் ஒரே வாரத்தில் போய்விட்டது.

அதனால் மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். அந்த நாவலை முழுவதும் படியுங்கள். இந்த வகைக் கதைகளைப் படித்துப் பழகிய இளம் வாசகர் ஒருவரையும் நடுவர் குழுவில் சேர்த்துக்கொண்டால் மிக நல்லது. பிறகு கதை தளர்ந்த இடம் எது, மொழி சறுக்கிய இடம் எது, முடிவு சரியா என்று அவளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். கடுமையாகவே எழுதுங்கள். தாங்கிக்கொள்வாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் மலையைச் சுற்றிப் பறக்கும் இடம் நீண்டுவிட்டது என்று நானே சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகும் நிராகரிப்பதென்றால் நிராகரியுங்கள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

பதிவுத் தபாலில் பிரதியைத் திரும்ப அனுப்பியிருக்கிறேன். 212 பக்கம். இரண்டாம் அத்தியாயம் 19ஆம் பக்கத்தில் தொடங்குகிறது.

பணிவுடன்,
பினாங்கிலிருந்து ஒரு தமிழாசிரியை