ஹெஃபெய் நகரத்து ராம் சிப் நேற்று முளைத்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழை நீண்ட காலமாக வாங்கிப் படித்து வருகிறேன். என் கணினிக் கடையில் வாடிக்கையாளர்கள் உட்காரும் பெஞ்சில் எப்போதும் ஒரு பிரதி இருக்கும். சென்ற இதழில் கணினி மெமரி விலையேற்றம் பற்றி வந்த கட்டுரையில், “நேற்று முளைத்த ஒரு சீன நிறுவனம் காப்பியடித்தே உலகச் சந்தைக்குள் புகுந்துவிட்டது” என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இவ்வளவு பெரிய குற்றச்சாட்டைச் சொல்லும் கட்டுரை, அந்த நிறுவனத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

அதன் பெயர் சாங்சின் மெமரி. ராம் சிப், அதாவது கணினியும் போனும் வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி சிப் செய்யும் கம்பெனி. தொழிலில் இருப்பவர்கள் சிஎக்ஸ்எம்டி என்போம். சீனாவின் அன்ஹுய் மாகாணத் தலைநகரான ஹெஃபெயில் 2016-ல் தொடங்கப்பட்டது. கணினிக்கான முதல் டிடிஆர்4 வகை ராம் சிப் 2019-ல்தான் உற்பத்திக்கு வந்தது. மொபைலுக்கான எல்பிடிடிஆர்5 வகை வர 2023 ஆனது. இது ஒரே நாளில் முளைத்த கதையா?

ராம் சிப் செய்வது எவ்வளவு கடினம் என்று தாங்கள் அறியாததல்ல. ஒரு பிட் தகவலுக்கு சுவிட்ச் மாதிரி ஒரு டிரான்சிஸ்டர், மின்னூட்டத்தை வைத்திருக்க ஒரு கெப்பாசிட்டர். இந்த ஜோடிதான் ஒரு செல். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்டுக்கு 1968-ல் காப்புரிமை கிடைத்த அதே அமைப்புதான் இன்றும். அந்தக் கெப்பாசிட்டர் ஓட்டைக் குடம் மாதிரி, வைத்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி விநாடிக்குள் ஒவ்வொரு செல்லையும் படித்து மறுபடி நிரப்ப வேண்டும். ஒரு சிப்பில் இப்படி நூற்றுக்கணக்கான கோடி செல்கள். வரைபடம் கையில் இருந்தாலும் போதாது. சிப்களை வெட்டி எடுக்கும் சிலிக்கான் தட்டான ஒரு வேஃபரில் எத்தனை சிப் தேறுகிறது என்பதில்தான் பிழைப்பே இருக்கிறது. அந்தக் கைப்பக்குவம் வருவதற்குள் பணம் தீர்ந்து மூடிய கம்பெனிகள் ஏராளம்.

அப்படி மூடியவற்றில் ஒன்று ஜெர்மனியின் கிமோண்டா என்ற மெமரி கம்பெனி. இன்ஃபினியன் என்ற சிப் கம்பெனியிலிருந்து 2006-ல் பிரிந்த நிறுவனம், 2009 ஜனவரியில் திவால் ஆனது. அதன் தொழில்நுட்பத்தைத்தான் சாங்சின் தன் அஸ்திவாரமாக வைத்துக்கொண்டது. கிமோண்டாவின் காப்புரிமைகள் கனடாவைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் கிளையான போலாரிஸிடம் இருந்தன. 2019 டிசம்பரில் அதனுடன் ஒப்பந்தம் போட்டு உரிமம் பெற்றார்கள். அடுத்த ஆண்டு, மெமரி காப்புரிமைகள் வைத்திருக்கும் அமெரிக்காவின் ராம்பஸ் நிறுவனத்துடனும் உரிம ஒப்பந்தம். காசு கொடுத்து வாங்கியதை எப்படிக் காப்பி என்று எழுதுகிறீர்கள்?

கட்டுரையாளர் மனதில் இருந்தது ஒருவேளை ஃபுஜியான் ஜின்ஹுவாவாக இருக்கலாம். அது வேறொரு சீன மெமரி நிறுவனம். அமெரிக்க மெமரி கம்பெனியான மைக்ரானின் ரகசியத்தைத் திருடியதாக 2018-ல் அமெரிக்கா வழக்குப் போட்டது, தடைப் பட்டியலிலும் சேர்த்தது. அந்த வழக்கிலேயே 2024 பிப்ரவரியில் சான்ஃபிரான்சிஸ்கோ நீதிபதி அதை விடுதலை செய்துவிட்டார். சாங்சின் மீது புகாரே இல்லை என்று நான் சொல்லவில்லை. சாம்சங்கில் வேலை பார்த்த சிலர் தொழில்நுட்ப ரகசியத்தை அங்கே கொண்டுபோனதாகத் தென் கொரிய அரசு வழக்கறிஞர்கள் 2025 டிசம்பரில்கூடக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருக்கிறார்கள். தப்பு நடந்திருந்தால் தண்டனை கிடைக்கட்டும். அதையாவது எழுதியிருக்கலாம். ஆதாரம் சொல்லி எழுதினால் ஒப்புக்கொள்வேன். ஆதாரமும் இல்லை, பெயரும் இல்லை, ஏளனம் மட்டும் இருக்கிறது.

காப்பியடித்தால் மட்டும் இந்தத் தொழிலில் நிற்க முடியாது ஐயா. நஷ்டத்தைத் தாங்க வேண்டும். ஹெஃபெய் நகர அரசு அந்தத் தைரியத்தோடு வந்தது. 2008-ல் பிஓஇ என்ற டிவி பேனல் கம்பெனிக்குப் பணம் போட்டு ஜெயித்த நகரம் அது. அதே துணிச்சலில் மெமரிக்கும் போட்டது. கிகாடிவைஸ் என்ற சிப் நிறுவனத்தைத் தொடங்கிய ஜூ யீமிங் பொறுப்பேற்றார். பல வருடம் நஷ்டக் கணக்குதான். 2022 அக்டோபரில் அமெரிக்கா புதிய கட்டுப்பாடு கொண்டுவந்து, முன்னேறிய ராம் தயாரிக்கும் இயந்திரங்கள் சீனாவுக்குப் போக முடியாமல் செய்தது. தென் கொரியாவின் சாம்சங்கும் எஸ்கே ஹைனிக்ஸும் வைத்திருக்கும், சிப்பில் மிக நுண்ணிய கோடுகளைப் பதிக்கும் டச்சு ஈயுவி இயந்திரம் சாங்சினுக்குக் கிடையாது. அப்படியும் அடுத்த தலைமுறையான டிடிஆர்5 வரை வந்துவிட்டார்கள். 2025 டிசம்பர் கடைசியில் ஷாங்காய் பங்குச் சந்தையில் 2,950 கோடி யுவான் திரட்ட விண்ணப்பித்தார்கள். பத்து வருடம் பொறுத்த பணம் இது. நம் ஊரில் மூன்றாவது வருடமே “இதுவரை என்ன கிழித்தீர்கள்” என்று கேட்டிருப்போம்.

இனி நான் சொல்வது பழைய கணக்கு. நான் தொழிலுக்கு வந்த புதிதில் தைவானில் பூகம்பம் வந்தது, 1999 செப்டம்பர். ராம் விலை தாறுமாறாக ஏறியது. பூகம்பம்தான் காரணம் என்று டீலர் சொன்னதை அப்படியே வாடிக்கையாளரிடம் சொன்னேன், திட்டு வாங்கினேன். பூகம்பம் உண்மைதான். ஆனால் 1999 முதல் 2002 வரையிலான அதே காலத்தில் பெரிய மெமரி கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்து விலை நிர்ணயித்தன என்பது பிற்பாடு அமெரிக்க நீதித்துறை வழக்கில் வெளிவந்தது. இன்ஃபினியன் 16 கோடி டாலர், ஹைனிக்ஸ் 18.5 கோடி, சாம்சங் 30 கோடி என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார்கள். ஐரோப்பிய ஆணையம் 2010-ல் 33.1 கோடி யூரோ விதித்தது. முதலில் போய்ச் சொல்லிக்கொடுத்த மைக்ரானுக்கு அபராதமே கிடையாது. இந்த நிறுவனங்களைப் பற்றித் தங்கள் இதழில் எத்தனையோ புகழ்ச்சிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஒன்றிலாவது “பேசிவைத்து விலை ஏற்றியவர்கள்” என்று ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை. சீனாக்காரனுக்கு மட்டும் அடைமொழி கிடைக்கிறது. அந்த வருடங்களில் கடன் சொல்லி ராம் வாங்கிப்போன மாணவர்களின் முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அவர்கள் கூடுதலாகக் கொடுத்த காசு எவருக்கும் திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம் 2012-ல் ஜப்பானின் எல்பிடா திவால் ஆனது, அடுத்த ஆண்டு மைக்ரான் அதை வாங்கிக்கொண்டது. பெரிய கம்பெனிகளில் மிச்சம் மூன்றே பேர்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். உலகத்து ராமில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இந்த மூவரிடம். அவர்கள் ஒரு பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்பதை இப்போது அனுபவிக்கிறோம். ஏஐ சர்வர்களுக்கான எச்பிஎம் மெமரியில் லாபம் அதிகம் என்று மூவரும் அதற்குப் போனார்கள். சாதாரண ராமுக்கு ஆலையில் இடம் சுருங்கியது. 2025 டிசம்பரில் மைக்ரான், நாங்கள் காலங்காலமாக விற்றுவந்த தன் குரூஷியல் ராம் பிராண்டையே சில்லறை விற்பனையிலிருந்து நிறுத்துவதாக அறிவித்துவிட்டது.

இதன் வலி என் கடைக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்து லேபுக்குக் கொட்டேஷன் கொடுத்திருந்தேன். அவர்கள் கமிட்டி கூடி ஒப்புதல் கொடுப்பதற்குள் ராம் விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. டீலர் காலையில் சொன்ன விலையை மாலையில் மறுக்கிறார். அட்வான்ஸ் கொடுத்தாலும் ஸ்டாக் இல்லை என்கிறார். பள்ளி நிர்வாகி என் முகத்துக்கு நேராக, “உங்களை நம்பித்தானே வந்தோம், ஏமாற்றலாமா” என்று கேட்டார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் கேட்டார், பக்கத்தில் தங்கள் இதழ் கிடந்தது. என்ன பதில் சொல்ல முடியும்? கடைசியில் ஆர்டர் போய்விட்டது, பிள்ளைகள் பழைய மெஷினிலேயே படிக்கிறார்கள்.

இந்த நிலையில் நாலாவதாக ஒருவன் வருகிறான் என்றால் என்னைப் போன்ற சிறு கடைக்காரனுக்கு அது மூச்சு. சாங்சின் சிப் போட்ட ராம் ஸ்டிக்குகளை நானே இரவு முழுக்க மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளில் ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் புகாராகத் திரும்பவில்லை. சீனச் சரக்கு என்றாலே முகம் சுளிக்கும் வாடிக்கையாளர் கையிலிருக்கும் போன் எங்கே செய்தது என்று நான் கேட்பதில்லை. ஆனால் பத்திரிகையும் அதே முகச்சுளிப்போடு எழுதும்போது வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு வருத்தம், இதுதான் பெரியது. நாம் சாங்சினுக்கு வெகு முன்பே சிப் தொழிலைத் தொடங்கியவர்கள். பஞ்சாபின் மொகாலியில் அரசின் சிப் ஆலையான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 1984-ல் உற்பத்தி தொடங்கியது. 1989 பிப்ரவரியில் அது தீப்பிடித்து எரிந்தது. மீண்டும் உற்பத்திக்கு வர 1997 ஆகிவிட்டது. அதற்குள் உலகம் எங்கேயோ போய்விட்டது. ஹெஃபெய் மாதிரி ஒரு நகரமோ மாநிலமோ அதைத் தூக்கி நிறுத்த வரவில்லை. அந்த ஆலையைப் பற்றி எழுத ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால், அடுத்தவனைக் காப்பிக்காரன் என்று சொல்ல நமக்கு வாய் வந்திருக்காது.

அதே கட்டுரையில் குஜராத்தின் சானந்தில் மைக்ரான் ஆலையின் படத்தைப் போட்டு, “இனி இந்தியாவிலேயே ராம் சிப் உருவாகும்” என்று கீழே எழுதியிருந்தீர்கள். அங்கே நடப்பது, செய்து முடித்த சிப்புக்கு உறை போடும் பேக்கேஜிங்கும் சோதித்துப் பார்க்கும் டெஸ்டிங்கும்தான். சிப் உருவாகும் வேஃபர் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2023-ல் அறிவித்த 275 கோடி டாலர் திட்டத்தில் மைக்ரான் போடுவது 82.5 கோடி வரைதான். மத்திய அரசு பாதி, குஜராத் அரசு 20 சதவீதம் என மிச்சம் நம் வரிப்பணம். அந்த வேலையும் நல்ல வேலைதான், நம் பிள்ளைகளுக்குப் பிழைப்பு கிடைக்கும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு, “அண்ணே, உள்நாட்டு ராம் எப்போ வரும், அதுவரை பொறுத்து வாங்கிக்கிறேன்” என்று ஒரு கல்லூரிப் பையன் என்னிடம் கேட்டான். அவனுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. அவனும் நம்பிய மாதிரி தெரியவில்லை, பத்திரிகையில் போட்டிருக்கிறதே என்றான்.

ஆகவே தங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். சானந்த் படத்தின் கீழ் வந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். சாங்சின் மெமரி என்ற பெயரையும் அதே இடத்தில் அச்சில் போடுங்கள். பெட்டிச் செய்தி அளவு இருந்தால் போதும். அந்தப் பையன் மறுபடி வந்தால் காட்டுவதற்குப் பிரதியை எடுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
கணினி விற்பனை மற்றும் சர்வீஸ் கடை நடத்தும் வாசகன்,
திருநெல்வேலி