கார்பைன் கொள்முதல் குழுவினருக்கு: சப்ரஸரைக் கடைசி வரியில் வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆயுதக் கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம். கார்பைன் எனப்படும் குட்டை ரைபிள் வாங்குவதற்கான விவரக்குறிப்புகளில் பேரல் நீளம், எடை, துல்லியம், துணைக்கருவிகளை மாட்டும் ரயில் என்று பக்கம் பக்கமாக நிபந்தனைகள் இருக்கும். ஓசையைக் குறைக்க முனையில் மாட்டும் சப்ரஸர் பற்றிப் பெரும்பாலும் ஒரே வரிதான்: முனையில் மரை இருக்க வேண்டும். வாங்கிய துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, உடைந்த போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் பாகம்) மாற்றித் தருபவர்கள் நாங்கள். அந்த ஒரு வரி போதாது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். கார்பைனையும் சப்ரஸரையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டையும் உங்கள் தோட்டாவையும் ஒரே அமைப்பாகச் சோதித்து வாங்குங்கள்.

சப்ரஸர் இல்லாதபோது குண்டு முனையைத் தாண்டியதுமே பேரலுக்குள் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். சப்ரஸர் மாட்டினால் வாயு உடனே வெளியேற முடியாமல் உள்ளே தங்கும். பேரலில் உள்ள வாயுத் துளை வழியாக, போல்ட்டைச் சுமக்கும் போல்ட் கேரியருக்குப் போகும் வாயு கூடும், கேரியர் வேகமெடுக்கும், போல்ட் முன்கூட்டியே திறக்கும். அந்த நேரத்தில் தோட்டா உறை சேம்பர் (தோட்டா அமரும் அறை) சுவரை இன்னும் இறுகப் பிடித்திருக்கும். உறையை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் அதை வலுக்கட்டாயமாகப் பிடுங்குகிறது. கீழே விழுந்த உறைகளைப் பொறுக்கி விளிம்பைப் பாருங்கள்: வளைந்தோ கிழிந்தோ இருக்கும், அடிப்பகுதியில், உறையை வெளியே தள்ளும் எஜெக்டர் தேய்த்த பளபளப்பான தடம் தெரியும். அடுத்து, மேகசின் ஸ்பிரிங் தோட்டாவை மேலே தள்ளுவதற்குள் போல்ட் திரும்பி ஓடிவந்து தோட்டாவின் மேலேறிச் சிக்கும். நாளாக ஆக, எக்ஸ்ட்ராக்டருக்குப் பக்கத்தில் இருக்கும் போல்ட் பற்களிலும், போல்ட்டைச் சுழற்றும் கேம் பின் துளையைச் சுற்றியும் விரிசல் விழும். விலை உயர்ந்த துப்பாக்கி என்பதால் இதெல்லாம் நடக்காமல் போய்விடாது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது வாயு அமைப்பைப் பற்றி. ஏஆர் (ஏஆர்-15 குடும்பம்) வகையில் 14.5 அங்குல எம்4 பேரலுக்குக் கார்பைன் நீள வாயு அமைப்பு. துளையின் விட்டம் ஏறத்தாழ 1.6 மி.மீ. துளை சேம்பருக்கு அருகில் இருப்பதால் அங்கே அழுத்தம் அதிகம். அதே 14.5 அங்குலத்தில் நடுநீள வாயு அமைப்பை வைத்தால் துளை சுமார் 2 அங்குலம் முன்னால் போகும், அழுத்தம் குறையும், போல்ட் நிதானமாகத் திறக்கும். எங்கள் கருத்தில் 13.5 முதல் 14.5 அங்குலப் பேரலும் நடுநீள வாயு அமைப்பும் சப்ரஸரோடு மிக நன்றாக ஒத்துப்போகும் ஏஆர் சேர்க்கை. 10.3 அங்குல எம்கே18 வகை கச்சிதமானது. வாகனத்துக்குள்ளும் அறைகளிலும் வசதி. ஆனால் குண்டு துளையைத் தாண்டிய பிறகு முனை வெகு அருகில் இருப்பதால், துப்பாக்கி இயங்கத் துளையைப் பெரிதாக்கியே ஆக வேண்டும், ஏறத்தாழ 1.8 மி.மீ. அதற்கு மேல் சப்ரஸரும் சேர்ந்தால் வாயு மிஞ்சிப்போகும். பேரல் குட்டையாகக் குட்டையாக முனை அழுத்தம் ஏறி, சப்ரஸரின் முதல் தடுப்புத் தகடு அரிக்கப்படும். சப்ரஸர் தயாரிப்பாளர் குறிப்பிடும் குறைந்தபட்சப் பேரல் நீளத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். துளை விட்டத்தையும் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுப்பவரைப் பட்டியலில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வாயு நேராகக் கேரியருக்குப் போகாமல் ஒரு பிஸ்டனைத் தள்ளும் பிஸ்டன் துப்பாக்கி வாங்கினால் சிக்கல் தீர்ந்தது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பாதிதான் உண்மை. ஹெச்கே416, சிக் எம்சிஎக்ஸ் போன்றவற்றில் பிஸ்டனை இயக்கும் வாயு முன்பகுதியிலேயே வெளியேறிவிடும். கேரியரில் கரி குறைவாகப் படியும். ஆனால் சப்ரஸர் தடுத்த வாயு பேரல் வழியாகவே பின்னால் வந்து, உறை வெளியேறும் வாயில் புகையாகக் கிளம்பும். அதைப் பிஸ்டன் தடுக்காது. பிஸ்டன் வகையின் உண்மையான பயன், சப்ரஸருக்கென்று தனி நிலை உள்ள வாயு ஒழுங்கி. ஹெச்கே416 ஏ5-இல் அதைக் கருவி இல்லாமலே மாற்றலாம். திருகாணியால் நுணுக்கமாகச் சரிசெய்யும் வாயு பிளாக்குகளை எல்லோருக்கும் வழங்கும் துப்பாக்கிக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கரி பிடித்து இறுகிவிடும். சப்ரஸரோடு சரிசெய்து வைத்ததை யாராவது சப்ரஸர் இல்லாமல் சுட்டால், போல்ட் முழுதாகப் பின்னால் போகாமல் அடுத்த தோட்டா ஏறாது.

கனமான பஃபர் (கேரியருக்குப் பின்னால் நின்று அதன் வேகத்தைத் தணிக்கும் எடை) போடுவது உதவும். ஹெச்2 என்ற வகை ஏறத்தாழ 130 கிராம். அது போல்ட் திறப்பதைச் சற்றுத் தாமதப்படுத்தும், பெரிய துளையைச் சிறிதாக்காது.

சப்ரஸரைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் முனைக்குப் பக்கத்தில் அளந்தது. சுடுபவரின் காது உறை வெளியேறும் வாய்க்கு அருகில் இருக்கிறது. வாயுவை அதிகமாகத் தடுக்கும் சப்ரஸர் முனையில் அமைதியாக இருந்துகொண்டே காதருகில் 140 டெசிபலைத் தாண்டலாம். அது திடீர் ஓசைக்கு வழக்கமாக வைக்கப்படும் வரம்பு. 5.56 மி.மீ. குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் அதன் வெடிப்பொலியும் அப்படியே இருக்கும். காதுப் பாதுகாப்பு இல்லாமல் பயிற்சி நடத்தலாம் என்று யாரும் உங்களை நம்பவைக்க வேண்டாம்.

புகையையும் அதே அக்கறையோடு அளக்கச் சொல்லுங்கள். தோட்டாவைப் பற்றவைக்கும் வழக்கமான பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. பின்னால் வரும் வாயுவோடு அது சுடுபவரின் மூச்சில் போகிறது. இடது கையால் சுடுபவருக்கு நேராக முகத்தில் அடிக்கிறது. வாயுவை முன்னோக்கிச் செலுத்தும் ஓட்டவழி சப்ரஸர்கள் இதைக் கணிசமாகக் குறைக்கின்றன. முனையில் ஓசையோ ஒளிர்வோ சற்றுக் கூடலாம். நாள்தோறும் சுடும் பயிற்றுநர்கள் இருக்கும் பிரிவுக்கு நாங்கள் அதையே தேர்வோம். அமெரிக்கத் தரைப்படை 2022 ஏப்ரலில், பின்னர் எக்ஸ்எம்7 என்று பெயர் மாறிய எக்ஸ்எம்5 துப்பாக்கியையும் அதன் சப்ரஸரையும் ஒரே தேர்வில் சேர்த்தே எடுத்தது. உங்கள் டெண்டரும் அப்படி இருக்கட்டும்.

தொடர்ந்து வேகமாகச் சுடும் பணியென்றால் டைட்டானியம் வேண்டாம். எடை குறைவுதான், ஆனால் கடும் சூட்டில் வலு இழக்கும், பொறியும் பறக்கும். இன்கோனல் போன்ற நிக்கல் கலவையையே கேளுங்கள்.

இனி பொருத்தும் இடம். சப்ரஸர் கெட்டுப்போவதற்கு நாங்கள் பார்க்கும் பெரிய காரணம் இங்கேதான். 5.56 பேரல் முனையில் வழக்கமான மரை அரை அங்குலம், அங்குலத்துக்கு 28 சுற்று. மரை பேரல் குழலின் மையத்தோடு ஒத்திருக்க வேண்டும். மரைக்குப் பின்னால் உள்ள தோள் செங்குத்தாக இருக்க வேண்டும். தோள் கொஞ்சம் சாய்ந்தாலும் சப்ரஸரின் மறுமுனை விலகி, குண்டு உள்தகட்டில் உரசும். முனைக்கருவியை (சப்ரஸர் பொருத்தி போன்றவை) மாட்டும்போது நசுங்கும் வாஷரைப் போடவே கூடாது. அது சீராக நசுங்காது. ஷிம் எனப்படும் தட்டையான மெல்லிய வளையம்தான் போட வேண்டும். மாட்டிய பிறகு சேம்பர் காலி என்று உறுதிசெய்து, நேர்த்தண்டை (குழல் அளவுக்கு நேராகச் செய்த கம்பி) குழலுக்குள் விட்டுச் சப்ரஸரின் வாயில் சுற்றிலும் சம இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் அந்தத் துப்பாக்கியை அப்படியே திருப்பி அனுப்புங்கள். வரும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இந்தச் சோதனை வேண்டும்.

ஏற்புச் சோதனையில் ஒரு மாதிரியை மட்டும் சுட்டுப் பார்க்காமல் குறைந்தது 3 துப்பாக்கிகளைக் கேளுங்கள். சப்ரஸரோடும் இல்லாமலும், உங்களிடம் உள்ள மிக வலுவான தோட்டாவிலும் மிக வலு குறைந்த தோட்டாவிலும் சுடுங்கள். மேகசினில் ஒரே தோட்டாவைப் போட்டுச் சுட்டால் போல்ட் பின்னால் நிற்க வேண்டும். சப்ரஸர் இல்லாமல், வலு குறைந்த தோட்டாவில், கரி படிந்த நிலையில் இது தேறினால் வாயு குறைவில்லை. சப்ரஸரோடு சுடும்போது உறைகள் முன்பக்கமாக, கடிகாரத்தின் 1 மணித் திசையில் (முனை இருக்கும் பக்கம் 12 மணி) பறந்தால் வாயு மிஞ்சுகிறது. 3 முதல் 4 மணித் திசை நல்லது. பிறகு சப்ரஸரை 5 முறை கழற்றி மாட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே இலக்கில் சில தோட்டாக்கள் சுட்டுப் பாருங்கள். சப்ரஸர் மாட்டினால் குண்டு படும் இடம் சற்று நகர்வது இயல்பு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம் நகர்ந்தால் அந்தப் பொருத்தியை நிராகரியுங்கள்.

உண்மையிலேயே மெல்லிய ஓசைதான் தேவையென்றால் 5.56-ஐ விட்டு .300 பிளாக்அவுட் என்ற வகையின் ஒலிவேகத்துக்குக் குறைந்த தோட்டாவைப் பாருங்கள். ஆனால் அந்தத் தோட்டா 5.56 மேகசினிலேயே அடங்கும். சில சமயம் 5.56 சேம்பரிலும் நுழைந்துவிடும். சுட்டால் துப்பாக்கி வெடித்துச் சிதறும். இரண்டையும் ஒரே கிடங்கில் வைப்பதென்றால் மேகசின்களுக்குத் தனி நிறம் வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் உதிரிப் போல்ட் ஒன்று, எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்குகள், ஒவ்வொரு ஆயுதக் கிடங்குக்கும் ஒரு நேர்த்தண்டு ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். பின்னால் தனியாகக் கேட்டால் வந்து சேர மாதக்கணக்காகும். அதுவரை துப்பாக்கி அலமாரியில்தான் கிடக்கும்.

இப்படிக்கு,
ஆயுதப் பராமரிப்புப் பணியாளர்கள்