முயல் மசால் முளைக்கவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மியன்மாரின் மெய்த்திலா, மிங்ஜான், மாக்வே பக்கத்து மானாவாரி நிலங்களுக்கு முயல் மசால் (ஸ்டைலோ என்னும் பயறுவகைச் செடி) ஏற்ற தீவனம் என்று தங்கள் இதழில் வந்திருந்தது. சரிதான். ஆனால் விதைப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தப் பயிர் காலை வாருவதே அங்கேதான்.

விதையின் தோல் மிகக் கடினம். அப்படியே தூவினால் பெரும்பகுதி முளைக்காமல் கிடக்கும். விற்றவர் பாவம், திட்டு வாங்குவார். மூன்று பங்கு கொதிநீரில் ஒரு பங்கு பச்சைத்தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 80 டிகிரி வரும். விதையைத் துணியில் தளர்வாக முடிந்து அதில் 4 நிமிடம் அமுக்கி, பிறகு குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் நிழலில் உலர்த்துங்கள். தண்ணீர் தாராளமாக இருக்கட்டும்; சின்னச் செம்பென்றால் விதை விழுந்ததுமே சூடு இறங்கிவிடும். அடுப்பில் வைத்தபடியே செய்தால் முளை வெந்துவிடும். தட்டைப்பயறு, மொச்சைக்கு இந்த வேலையே வேண்டாம்.

கால் பங்கு விதையைப் பச்சையாகவே கலந்து போடுவது நல்லது. முளைத்தது மழை ஏமாற்றிக் கருகினாலும், மண்ணில் கிடப்பது அடுத்த மழைக்கு எழும்பும். மே மாத மழையை நம்பி விதைத்தால் ஜூலை வறட்சி தின்றுவிடும். ஆகஸ்டில், எள் அறுத்த நிலத்தில் விதைப்பதே என் கட்சி.

ஒரு அடி இடைவெளி விட்டு வரிசையாக விதைக்க ஏக்கருக்கு ஒன்றரை வீசை, அதாவது இரண்டரை கிலோ. தூவினால் 4 கிலோ. ஆழம் 2 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கலப்பைச் சாலில் போட்டு மூடினால் மேலே வராது. மணல் கலந்து தூவி, முள் மிலாறை ஒருமுறை இழுத்தால் போதும்.

யூரியா வேண்டாம், களைதான் கொழுக்கும். மணல் நிலத்துக்கு வேண்டியது மணிச்சத்து (பாஸ்பரஸ்). அரை மூட்டை டி-சூப்பர் (டிரிபிள் சூப்பர் பாஸ்பேட் உரம்) போடலாம். தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துத் தரும் வேர்முடிச்சுக் கிருமி, நிலக்கடலை, துவரை விளைந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கும். சந்தேகமென்றால் ஆறு வாரத்தில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை.

முதல் இரண்டு மாதம் செடி ஆமை வேகம்தான். ஒரு மாதத்தில் களையெடுக்காவிட்டால் புல் அமுக்கிவிடும். 75 நாளில், பூக்கும் தருணத்தில், தரையிலிருந்து அரை அடி விட்டு அறுக்க வேண்டும். ஒட்ட அறுத்தால் துளிர்க்காது. வெயிலில் காயப்போட்டால் சத்துள்ள இலையெல்லாம் உதிர்ந்து குச்சிதான் மிஞ்சும். நிழலில் உலர்த்தி, சோளத்தட்டையோடு மூன்றில் ஒரு பங்காகக் கலந்து கொடுக்கலாம்.

துவரை அறுப்பு முடிந்தால் ஊர் மாடும் ஆடும் எல்லார் நிலத்திலும் இறங்கும். முதல் ஆண்டு விதை கொட்டும்வரையாவது முள்வேலி போட்டு அடைத்து வையுங்கள். கொட்டிய விதைதான் அடுத்த ஆண்டுப் பயிர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மெய்த்திலா