டெங்கு: புகை அடித்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அடுத்து டெங்கு பற்றிய பேச்சுதான். உடனே எல்லோரும் கேட்பது கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டியை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் அதே கதை. வண்டி வந்து போனால் கவுன்சிலருக்குக் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும், தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் பதுங்கிக் கிடக்கும். நாமோ வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறோம். அப்புறம் புகை எந்தக் கொசுவைக் கொல்லும்? தண்ணீரில் நெளியும் கொசுப் புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஒரு வாரம், பத்து நாளில் அடுத்த கூட்டம் பறக்கத் தொடங்கிவிடும். காய்ச்சல் கண்ட வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ளே போய் அடித்தால் பயன் உண்டு, அதை நான் மறுக்கவில்லை.

எல்லாப் பழியையும் சாக்கடைமேல் போடுவதும் சரியல்ல. அதில் பெருகுவது பெரும்பாலும் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் க்யூலெக்ஸ் கொசு. ஏடிஸுக்கு வேண்டியது தேங்கிய நல்ல தண்ணீர். சென்னையில் அதற்குக் குறைவில்லை. காரணம் தண்ணீர்ப் பஞ்சம்தான்! லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் டிரம், மூடி உடைந்த சம்ப் (தரைக்கடித் தொட்டி), ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், கட்டி முடியாத கட்டடத்தின் லிஃப்ட் குழி என்று எத்தனையோ இடங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் பொரித்துவிடும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவத்தான் வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துச் சொல்லத்தான் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வருகிறார்கள். கூரை வீட்டு வாசலில் டிரம்மைத் திறந்து புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றிவிட்டுப் போக அவர்களால் முடிகிறது. அடுக்ககங்கள் பலவற்றில் வாட்ச்மேனைத் தாண்டவே முடிவதில்லை, மொட்டை மாடிச் சாவி யாரிடம் என்பதும் யாருக்கும் தெரிவதில்லை. கொசு வளர இடம் கொடுப்பவர்மீது நடவடிக்கை எடுக்க 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. டயர்க் கடைக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கும் கை, பெரிய கட்டுமான நிறுவனங்கள் பக்கமும் நீளட்டும்.

சிங்கப்பூரில் 10 பேர் அல்லது அதற்கு மேல் டெங்கு கண்ட பகுதியில் சிவப்புப் பதாகை கட்டுகிறார்கள். குறைவாக இருந்தால் மஞ்சள். நம் வார்டு அலுவலக வாசலிலும் எந்தத் தெருவில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை இடங்களில் புழு இருந்தது என்று வாரந்தோறும் எழுதிப் போடலாமே. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் மாடிகளை யார் பார்ப்பது என்பதையும் இந்த மழைக்கு முன்பே மாநகராட்சி முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை.