விரலை வச்சியா?

கேன்டன், மிச்சிகன்
அக்டோபர் 12

மாப்ளே செல்வா,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு. திட்டி முடித்துவிட்டு மேலே படி. தங்கச்சி, பிள்ளைகள், அம்மாவின் முழங்கால் எல்லாம் பரவாயில்லை என்று பாலு சொன்னான். இங்கேயும் நலம். சுதா வேலைக்குப் போகிறாள், நித்யா பத்தாவது வந்துவிட்டாள், எனக்குத் தலையில் மிச்சம் இருந்ததும் போய்விட்டது. குசலம் முடிந்தது.

பாலு இன்னொரு விஷயமும் சொன்னான். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். இப்போதே எடுத்தால் சண்டைதான் வரும்.

எட்டு மாதம் எங்கே போனேன் என்றால், கார் ஷெட்டில் இருந்தேன். பிப்ரவரியில் ஒரு கார் வாங்கினேன். 1972 செவர்லே நோவா, இரண்டு கதவு. ஜாக்சன் பக்கம் ஒரு விவசாயியின் கொட்டகையில் பதினாலு வருடமாக நின்றுகொண்டிருந்தது, 3,800 டாலர். வேகத்துக்கென்று செய்த எஸ்.எஸ். மாடல் இல்லை, சாதாரண நோவா. உன்னிடம் மசில் கார், பெரிய எஞ்சின் போட்ட வேகக் கார், என்று சொல்லிக்கொள்வேன். இங்கே விவரம் தெரிந்தவன் பக்கத்தில் வந்தால் வாயைத் திறக்க மாட்டேன். சேஸிஸ் எண்ணில் டபிள்யூ என்று ஒரு எழுத்து இருக்கிறது. வில்லோ ரன் ஆலையில் செய்தது என்று அர்த்தம். யுத்த காலத்தில் பி-24 குண்டுவீச்சு விமானங்கள் செய்த அதே இடம், என் வீட்டிலிருந்து இருபது நிமிடம். ஊர் சுற்றிவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து படுத்துவிட்டது, பார்.

எஞ்சின் 350 கன அங்குலம், வி-8. உங்கப்பாவின் அம்பாசடர் எஞ்சின் நாலைச் சேர்த்துக் கட்டினால் வரும் அளவு. அவ்வளவு இரும்புக்கு இந்த வண்டியில் வெறும் 165 குதிரைத்திறன். 1970-ல் நோவா எஸ்.எஸ். 350-க்கு 300 என்று விளம்பரம் செய்தார்கள். அடுத்த வருடம் ஈயமில்லாத பெட்ரோலுக்காகக் கம்ப்ரஷனைக் குறைத்தார்கள். 1972-லிருந்து ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எல்லாம் மாட்டி அளந்த கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார்கள். குதிரைகளில் பாதி பேப்பரில்தான் செத்தது, மீதி நிஜமாகவே செத்தது.

சுதா ஒரு சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்: "எஞ்சின் 2,500 டாலர். மேலே போனால் கார் வெளியே அல்லது நீங்கள் வெளியே." ஆபீசில் ஒருத்தன் பெட்டியில் வரும் புது எஞ்சினே வாங்கிப் போடு என்றான். பெட்டியைப் பிரித்து மாட்டுவதற்கு நான் எதற்கு? கோயமுத்தூர் கணபதியில் உன் எஞ்சின் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை டீசல் குடித்து வளர்ந்தவன் நான் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

கழற்றினேன். ஏர் கிளீனருக்குள் எலிக்கூடு. ஹெட்டைத் தூக்கினால் ஆறாம் நம்பர் சிலிண்டரில் ஓக் மரக் கொட்டை ஓடுகள். எந்த எலி எந்த வழியாக இறங்கி அங்கே குடித்தனம் நடத்தியதோ! தண்ணீரும் இறங்கி, சுவரில் வளையமாகத் துரு. விரல் வைத்தால் குழி தட்டியது. பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் தண்டு பிழைத்தது, பாலிஷ் போதும். சிலிண்டர் எட்டையும் முப்பது தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு, அகலமாகக் கடைந்து ரீபோர் செய்தாக வேண்டும். நாலு அங்குல போர் 4.030 ஆகும், 350 என்பது 355 ஆகிவிடும். ஐந்து கன அங்குலம் இனாம்.

பணக் கணக்கில் ஒரு முடிவு எடுத்தேன். கண்ணுக்குத் தெரிகிற எதற்கும் ஒரு டாலர் கூடக் கிடையாது, கண்ணுக்குத் தெரியாததில் கஞ்சத்தனம் கிடையாது. குரோம் மூடி, பளபள பைப் எல்லாம் தள்ளிவிட்டேன். லேத் வேலைக்கும் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் பேரம் பேசவில்லை. ஹெட் மட்டும் நம்ம உக்கடத்துப் பழைய சாமான் கடை வழிதான். 1996-லிருந்து வந்த செவர்லே டிரக்குகளில் வார்ட்டெக் என்று ஒரு ஹெட் உண்டு. வார்ப்பு எண் 906 அல்லது 062 என்று முடியும். பழைய ஹெட்டைவிட மூச்சு நன்றாக விடும். பழைய இரும்புக் கிடங்கில் ஒரு ஜோடி 160 டாலருக்குத் தூக்கினேன். ஆனால் இதற்குக் காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட் வேறு மாதிரி, பழையது உட்காராது. அதற்கு 210 போனது. ஓசியில் வரும் மாட்டுக்குத் தொழுவம் கட்டின கதைதான்.

இந்த ஹெட்கள் விரிசலுக்குப் பேர்போனவை. வால்வு உட்காரும் சீட்டைக் கடையக் காசு கொடுக்கும் முன்னால் காந்தப் பொடி தூவிப் பார்க்கச் சொன்னேன். ஒன்றில் எக்ஸாஸ்ட் சீட் ஓரமாக மயிரிழை போல ஒரு கோடு. பார்க்காமல் சீட்டிங் செய்திருந்தால் அந்தப் பணம் முழுக்கத் தண்ணீரில். இன்னொரு ஹெட் 70 டாலருக்குத் தேடிப் பிடித்தேன்.

ரீபோர் செய்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபத்து நாலு வயது, ஒற்றை ஆள் பட்டறை. பிளாக்கைக் கொண்டுபோய் இறக்கினால், நாலு மாதம் கழித்துத் தருகிறேன் என்றார். நாலு மாதம்! உன்னிடம் நாலு நாளில் வாங்கிப் பழகியவன் நான். சுற்றுவட்டாரத்தில் இந்த வேலை செய்தவர்கள் ஒவ்வொருத்தராக மூடிவிட்டார்களாம், எல்லாம் இவரிடமே வந்து குவிகிறது. சுவரில் உன் பட்டறையில் தொங்குமே, சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்க்கிற அதே சன்னன் ஹோன். அவர் அதை எடுக்கிற விதம் கூட உங்கப்பா மாதிரியே. கல்லைத் தொட்டுப் பார்த்து, எண்ணெய் ஊற்றி, மெஷினை ஓட விட்டுக் காதை மட்டும் கொடுத்துக்கொண்டு நின்றார். மேலும் கீழும் போகிற வேகத்தில் சுவரில் கோலத்துக் குறுக்குக் கோடு போல விழுந்தது பார், கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை எனக்கு. இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் திரையில் சிலிண்டர் வரைகிறேன். இந்தக் கோட்டை ஒரு நாள் கூட வரைந்ததில்லை.

ஜூன், ஜூலை இரண்டும் ஷெட்டில்தான். பிஸ்டன் ரிங் முனைகளின் இடைவெளி மட்டும் மூன்று ராத்திரி. ரிங்கை சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்து, எடுத்து ஒரு இழுப்பு அரம், மறுபடி உள்ளே. அங்குலத்துக்கு நாலு தௌ கணக்கில் பதினாறு தௌ. மொத்தம் பதினாறு ரிங். நித்யா பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். ஒன்றில் நான் ஒரு இழுப்பு அதிகம் இழுத்துப் பத்தொன்பது ஆகிவிட்டது. "பத்தொன்பதுன்னு எழுதவா, பதினாறுன்னு எழுதவா?" என்று கேட்டாள். உங்கப்பா கேட்டிருந்தால் அந்தப் பெண்ணைத் தத்தெடுத்திருப்பார்.

மூடினேன். போல்ட் ஒன்றும் மிஞ்சவில்லை. (சிரிக்காதே. அன்றைக்கு மிஞ்சிய மூன்று போல்ட் உன் பக்கத்து வேலைதான், இன்றைக்கும் சொல்வேன்.) செலவு 2,260. ஃபிரிட்ஜ் சீட்டுக்குக் கீழே பெருமையாக எழுதி வைத்தேன்.

ஆகஸ்டு முதல் சனி. ஸ்டார்ட் செய்கிறேன், பிடிக்கவில்லை. கார்புரேட்டர் வழியாகத் 'தூ' என்று துப்புகிறது. மறுபடி. துப்புகிறது. பெட்ரோலைப் பார்த்தேன், கரண்ட் வருகிறதா பார்த்தேன், பிளக் வயரை 1-8-4-3-6-5-7-2 என்று மூன்று முறை எண்ணினேன். முக்கால் மணி நேரம் விட்டு விட்டு சுற்றியிருப்பேன். கடைசியில் ஒரு பெரிய தீப்பொறி மேலே வந்து என் இடது புருவம் போயிற்று. சுதா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அதுதான் வலித்தது.

அன்று ராத்திரி படுத்திருக்கும்போது உங்கப்பா குரல் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன். "குறியப் பாத்த, சரி கண்ணு. வெரல வச்சியா?"

வைக்கவில்லை, மாப்ளே. இந்த எஞ்சினில் கிராங்க் பல்சக்கரப் புள்ளியும், வால்வுகளைத் திறக்கும் காம் தண்டின் பல்சக்கரப் புள்ளியும் ஒன்றை ஒன்று பார்த்தபடி நின்றால், ஒன்றாம் நம்பர் சிலிண்டர் அடிக்கப் போகிறது என்று தோன்றும். அடிக்கப் போவது ஆறு. ஒன்று அப்போது புகை தள்ளி முடித்து மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான். பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை அந்த நிலையில் ஒன்றுக்கு நேராக இறக்கிவிட்டேன். அரைச் சுற்று தப்பு. ஒன்றாம் நம்பர் பிளக் ஓட்டையில் விரலை வைத்துக் கிராங்கைக் கையால் சுற்றியிருந்தால், காற்று விரலைத் தள்ளுகிறதா இல்லையா என்று பத்து வினாடியில் தெரிந்திருக்கும். பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் எத்தனை முறை என் பின்மண்டையில் தட்டி அந்த விரலை வைக்கச் சொன்னார்! என்னிடம் டிஜிட்டல் காலிபர் இருக்கிறது, டார்க் ரெஞ்ச் இரண்டு இருக்கிறது. விரலும் பத்து இருந்தது.

மறுநாள் திருப்பி வைத்தேன், முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஆனால் அதற்குள் கெட்டது நடந்துவிட்டது. இதில் வால்வைத் தள்ளுகிற டேப்பட், காமின் மேட்டின் மேல் சுழன்றபடி ஓடும். புது காமை முதல் இருபது நிமிடம், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே இறக்காமல் ஓட்டி அதற்குப் பழக்க வேண்டும். மேலே தடவிய மசகு அதுவரை தாங்க வேண்டும். நான் முக்கால் மணி நேரம் சும்மா சுற்றியே அதை வழித்துவிட்டேன். பன்னிரண்டாவது நிமிடம் டிக் டிக் என்று ஒரு சத்தம். நிறுத்தி ஆயிலை வடித்தால், மத்தாப்புத் தூள் போல மினுக்கியது. காமில் ஒரு மேடு சப்பையாகியிருந்தது. எந்த சிலிண்டர் என்று கேட்கிறாயா? ஆறுதான். எலியின் சாபம்.

அந்தத் தூள் எங்கெல்லாம் போயிருக்குமோ என்று முழுதும் பிரித்தேன். பிளாக்கின் எண்ணெய்த் துவாரம் ஒவ்வொன்றிலும் பிரஷ் விட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றி, வெள்ளைத் துணி கறுக்காத வரை துடைத்தேன். காம், டேப்பட், பேரிங், கேஸ்கட், ஆயில் எல்லாம் சேர்த்து இன்னொரு 425. மொத்தம் 2,685. மேலே போன 185-க்கு என் சைக்கிளை விற்றேன். சுதாவுக்குத் தெரியும், தெரியாதது போல இருக்கிறாள்.

இரண்டாம் முறை விரலை வைத்தேன். நித்யாவின் விரலையும் வைக்கச் சொன்னேன். காற்று தள்ளியதும் "ஐயோ!" என்று கத்தினாள் பார். அப்புறம் பழைய டேப்பட் எஞ்சினுக்கென்று துத்தநாகம் கூடுதலாகச் சேர்த்த ஆயில் ஊற்றினேன். இந்தக் காலத்து ஆயிலில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கெடக் கூடாதென்று அதைக் குறைத்துவிட்டார்கள். இருபத்தைந்து நிமிடம் ஓட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து வேலியோரம் நின்றார். கத்த வருகிறார் என்று நினைத்தேன், கையில் காபியோடு கடைசி வரை நின்று கேட்டுவிட்டுப் போனார்.

சரி, பாலு சொன்னதற்கு வருகிறேன். பழைய இரும்புக்காரன் வந்து உன் சிலிண்டர் கடைகிற போரிங் மெஷினுக்குக் கிலோ கணக்கில் விலை சொல்லிவிட்டுப் போனானாமே. நீ தலையாட்டினாயாமே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். இப்போது வருகிற பிளாக் பெரும்பாலும் அலுமினியம். ரீபோருக்கு யார் வருகிறார்கள்? எஞ்சினையே மாற்றிவிடுகிறார்கள். வாடகை, கரண்ட் பில், பெரியவன் படிப்பு. மெஷின் நிற்கிற இடத்தில் இரண்டு கடை போட்டால் மாதாமாதம் காசு வரும். ஏசி அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற நான் "விற்காதே" என்று எழுதுவது அசிங்கம். மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்தது இந்தப் பாராவைத்தான். இப்போதும் சரியாக வரவில்லை. அந்த எழுபத்து நாலு வயதுக்காரரிடம், உங்களுக்குப் பிறகு யார் என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பிளாக்கை ஏற்றப் போய்விட்டார். எனக்கு அவர் முகம் தெரியவில்லை செல்வா, உன் முகம்தான் தெரிந்தது.

மெஷினை என்ன செய்வது என்பது உன் இஷ்டம். சிலிண்டர் அளக்கிற உங்கப்பாவின் போர் கேஜ், அந்த மரப்பெட்டியோடு, அதை மட்டும் கிலோ கணக்கில் போட்டுவிடாதே. டிசம்பர் 20 வாக்கில் வருகிறேன். விலை சொல், கொடுக்கிறேன். வட்டி கேட்டால் பரோட்டாக் கடைக் கணக்கை எடுப்பேன்.

அப்புறம் ஒரு சந்தேகம். கிராங்கின் பின்பக்கத்து ஆயில் சீல் கசிகிறது. இந்த வருட எஞ்சினில் அது இரண்டு துண்டு சீல். காருக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன், ராத்திரிக்கு நாலு சொட்டு. இரண்டு துண்டும் சேர்கிற இடம் பேரிங் கேப் பிளாக்கோடு சேர்கிற இடத்துக்கு நேராக வராமல் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு தள்ளி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உங்கப்பா எவ்வளவு தள்ளி வைப்பார்? உனக்கு ஞாபகம் இருக்கும். இன்னொரு தடவை ஆயில் சேம்பரைக் கழற்றும் முன்னால் எழுது.

உன்
முரளி

பி.கு: புருவம் முளைத்துவிட்டது. ஆனால் வெள்ளையாக.