கட்டிதான் கரைஞ்சிட்டே, கத்தி எதுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மார்பகப் புற்றுநோய்க் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் 'முதலில் ஆபரேஷன், பிறகு கீமோ' என்ற ஒரே வரிசையோடு முடித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. அதில் நாங்கள் பட்ட குழப்பத்துக்காகவே எழுதுகிறேன்.

என் மதினிக்கு இடது மார்பில் நாலரை சென்டிமீட்டர் கட்டி, அக்குளிலும் நெறி. பயாப்ஸியில் டிரிபிள் நெகட்டிவ், அதாவது இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும் மிகுதியாக இல்லாத வகை என்று வந்தது. முதலில் கீமோ என்று டாக்டர் சொன்னதும் அண்ணனுக்கு முகமே செத்துவிட்டது. "ஏட்டி, அப்பம் ஆபரேஷன் பண்ணுத கட்டத்தத் தாண்டியாச்சுன்னுதான அர்த்தம்?" என்று என்னிடம்தான் கேட்டார். டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை.

அர்த்தம் அதுவல்ல. 1988இல் அமெரிக்காவில் தொடங்கிய பி-18 என்ற ஆய்வில் 1,523 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷனுக்கு முன்பும் மறுபாதிக்குப் பின்பும் அதே கீமோவைக் கொடுத்தார்கள். உயிர் பிழைப்பதில் வித்தியாசமில்லை. முன்பே வாங்கியவர்களில் அதிகம் பேருக்கு மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடிந்தது. டிரிபிள் நெகட்டிவும் ஹெர்-2 புரதம் மிகுந்த வகையும் இப்படி நன்றாகச் சுருங்கும். ஹார்மோனால் வளரும் வகை பெரும்பாலும் அந்த அளவுக்குச் சுருங்காது. எல்லோருக்கும் இந்த வரிசை இல்லை.

மதினிக்கு முதலில் நாலு முறை 'சிவப்பு மருந்து' என்கிற கீமோ. மருந்தின் நிறத்தில் சிறுநீரும் சிவப்பாகப் போக, ரத்தம் என்று பயந்து ராத்திரியில் போன் செய்தார். எலுமிச்சை அளவு இருந்தது புளியங்கொட்டையாகி, கடைசியில் கைக்கே தட்டுப்படவில்லை. வினையும் அங்கேதான் தொடங்கியது. "கட்டிதான் கரைஞ்சிட்டே, பிறகு எதுக்குக் கத்தி?" என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள். ஊரில் அம்மன் கொடை வேறு, முடியட்டும் என்றார்கள். கடைசி கீமோவிலிருந்து மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போனது ஒன்பதாவது வாரம். வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

கீமோ தொடங்கும் முன்பே கட்டிக்குள் அரிசி மணியைவிடச் சின்னதாக ஓர் உலோகக் கிளிப் வைத்திருந்தார்கள். பில்லை ஏற்றத்தான் என்று அப்போது நான் முணுமுணுத்தேன். கட்டி மறைந்த பிறகு எந்த இடத்தை வெட்டுவது என்று காட்டிக்கொடுத்தது அந்தக் கிளிப்தான். வெட்டியெடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது 6 மில்லிமீட்டர் அளவுக்குப் புற்று உயிரோடு இருந்தது.

மிச்சம் இருப்பது தெரிந்ததால்தான் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை தொடங்கினார்கள். இப்படி மிச்சம் நின்றவர்களுக்கு, அதிலும் டிரிபிள் நெகட்டிவ்காரர்களுக்கு, இந்த மாத்திரை ஆயுளைக் கூட்டுவதாக ஜப்பானிலும் தென்கொரியாவிலும் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. முதலிலேயே வெட்டியிருந்தால் எந்த மருந்துக்கு எவ்வளவு கரைந்தது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

மதினி இப்போது ஐந்தாவது சுற்று மாத்திரையில் இருக்கிறார். உள்ளங்கால் தோல் உரிந்து எரிகிறது. அடுக்களைக்குள்ளும் மெத்துச் செருப்போடுதான் நடமாட்டம். அடுத்த கட்டுரையில் கிளிப்பைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதச் சொல்லுங்கள். கட்டி கண்ணுக்குத் தெரியும்போதே வைக்க வேண்டியது அது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருநெல்வேலி