தரங்கம்பாடியில் நிறுத்தினோம்

அன்புள்ள கண்ணம்மா,

புதன்கிழமை நானும் அம்மாவும் வேளாங்கண்ணிக்குப் போய் வந்தோம். கடலூர், சிதம்பரம், கொள்ளிடம் பாலம் என்று நாம் வழக்கமாகப் போகிற சாலைதான்.

உனக்கு நினைவிருக்கிறதா? தரங்கம்பாடி பெயர்ப்பலகையைப் பார்த்ததும் "அப்பா, கடல்!" என்று பின்சீட்டில் எழுந்து நிற்பாய். "வரும்போது நிறுத்துறேன்" என்பேன். வரும்போது இருட்டிவிடும், நீயும் தூங்கிப்போயிருப்பாய். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. அது இப்போதும் மனசை உறுத்துகிறது. அதனால் இந்தத் தடவை பலகையைக் கண்டதும் வண்டியை இடப்பக்கம் திருப்பிவிட்டேன்.

1792இல் கட்டிய ஊர் நுழைவாசல் வழியாக உள்ளே போனால் சத்தமே இல்லாத ஒரு தெரு. பெரிய பெரிய தூண் வைத்த பழைய வீடுகள், புதிய எருசலேம் தேவாலயம், தெருமுனையில் 1620இல் டேனிஷ்காரர்கள் தொடங்கிய கோட்டை. அதற்கு அப்புறம் கடல்தான். 1706இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, ஊர்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றாராம். அப்புறம் புதிய ஏற்பாட்டையே தமிழில் அச்சிட்டார். அந்தத் தேவாலயத்தில்தான் அவர் கல்லறை இருக்கிறது. எனக்கு உன் நினைவுதான் வந்தது. தாத்தா பரப்பிய அரிசியில் நீ 'அ' எழுதியபோது, அந்தச் சுழியை முடிக்கத் தெரியாமல் விரலைச் சுற்றிக்கொண்டே இருந்தாய்.

கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் பாண்டியர் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரையில் கொட்டிய பாறைகளில் அலை மோதி, உப்புச்சாரல் எங்கள் முகம்வரை தெறித்தது. "சுனாமி அன்னைக்கு இந்தக் கரை என்ன பாடுபட்டிருக்கும்" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

சற்றுத் தள்ளி ஒரு அக்கா வலையை விரித்து நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு கிலோ வாங்கினாள், உனக்குத்தான். பொங்கலுக்குப் பிறகு மாமா அங்கே வரும்போது கொடுத்தனுப்புகிறோம். வாசனை வராமல் நானே கட்டித் தருகிறேன்.

அடுத்த லீவுக்கு வந்ததும் மூன்று பேரும் விடியற்காலையிலேயே கிளம்பிவிடலாம். போகும்போதே நிறுத்துகிறேன்.

அன்புடன்,
அப்பா